கோடு

கூட்டம் ஆறு மணிக்கு.
நாலரைக்கே பனிஸ்கூட்டரை
ஊர்மன்றத்தின் பின்சுவரில் நிறுத்திவிட்டேன்.
நவம்பர் முடிகிறது. மூன்று நாளாகச் சூரியன் இல்லை;
இனி ஜனவரியில்தான்.

மேசையில் பிளாஸ்க்கில் காப்பி, ஏலக்காய் பன்,
சுருள மறுக்காமல் சுருண்டுகொண்டே இருந்த வரைபடம்.
மின் நிறுவனத்திலிருந்து ஹெர்பியோர்க் வந்திருந்தாள்.
நல்ல பெண். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
காலுறையோடு நின்று பேசினாள்.
காலுறையில் ஒரு விரல் வெளியே எட்டிப் பார்த்தது.
அதனாலேயே அவள்மீது கோபப்பட வரவில்லை.

சிவப்புக் கோடு.
உள்நாட்டிலிருந்து கடற்கரை ஆலைக்கு,
நானூற்றிருபது கிலோவோல்ட்.
கோபுரக் கால்கள் ஊன்றும் இடம் மட்டுமே போகும்,
எல்லாம் சேர்த்தாலும்
ஒரு கால்பந்து மைதானம் தேறாது என்றாள்.
நானும் கணக்குப் போட்டேன். சரியாக இருந்தது.

என் தம்பி இஸ்ஸாத் எழுந்தான்.
அவன் வாயைத் திறந்தால் கூட்டம் கலையும்.
நான் முந்திக்கொண்டேன்.

கண்ணைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

கோடையில் எங்கள் துருவமான்களின்
கண்ணடியில் பொன் கிடக்கும்.
இருட்டுக்காலத்தில் அது நீலமாகும்,
விழுகிற வெளிச்சத்தில் ஒரு துளியும் சிந்தாமல் ஏந்த.
ஊதாவோடு நம் பார்வை நின்றுவிடும்;
அதற்கு அப்பாலும் அவற்றுக்குத் தெரியும்.
நீங்கள் பார்ப்பது கம்பி.
அவை பார்ப்பது
மலை நெடுக விட்டுவிட்டு வெடிக்கும் பொறி,
எந்த மேகத்துக்கும் சொந்தமில்லாத மின்னல்.
மின்னலுக்கு அடியில் யார் மேயப் போவார்?

பழைய சின்ன லைன் வந்தபோதே பார்த்தோம்.
மந்தைக்கு முன்னால் போகிறவள் ஒரு கிழப்பிணை.
ஒற்றைக்கோட்டாள் என்போம்,
இடப்பக்கம் அவளுக்கு முளைக்கவே இல்லை.
அவள் நடந்தால் நானூறும் நடக்கும்.
கம்பிக்கு இருநூறு மீட்டர் இருக்கையில் நின்றாள்.
மூக்கை உயர்த்தினாள்.
திரும்பினாள்.
அந்தப் பக்கம் கற்பாசி விரல் நீளம் வளர்ந்து கிடக்கிறது.
இந்தப் பக்கம் பாறை தெரிகிறது.
மூன்று பனிக்காலமாய்த் தீவன மூட்டை,
கடனில்.

ஹெர்பியோர்க் இழப்பீட்டுப் படிவத்தை நீட்டினாள்.
இறந்தவை எத்தனை.
எலும்பு முறிந்தவை எத்தனை.
காணாமல் போனவை எத்தனை.

ஒன்றும் சாகவில்லை, என்றேன்.
ஒன்றும் காணாமலும் போகவில்லை.
போகவில்லை, அவ்வளவுதான்.
அதற்கொரு கட்டம் இருக்கிறதா?

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.
உண்மையாகவே தேடினாள்.

அப்போது கடைசி வரிசையில் தூர்குன் கேட்டாள்:
போன புயலில் முப்பது மணிநேரம் கரண்ட் இல்லையே,
என் அப்பாவின் ஆக்சிஜன் மெஷினுக்கு
ஜெனரேட்டர் கொண்டுவந்தது யார்?
நான்தான்.
பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன்.
சுவரோரம் என் போன் சார்ஜில் கிடந்தது,
அதன் பக்கத்தில்
மந்தை தேடும் டிரோனுக்கு இஸ்ஸாத்தின் நான்கு பேட்டரிகள்.
பச்சை விளக்குகள், வரிசையாக,
எல்லாரும் பார்க்க.

கூட்டம் முடிந்து
அந்த மானைக் காட்ட முடியுமா என்றாள் ஹெர்பியோர்க்.
ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.
பழைய லைனுக்கு அடியில் நிறுத்தி
முன்விளக்கை அணைத்தேன்.
தலைக்கு மேல் கம்பி
மெதுவாய்ப் பொரிகிற சத்தம்.
கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என்றாள்.

எனக்கும்தான், என்றேன்.

வெகுதூரத்தில், பனியைவிடக் கொஞ்சம் கருப்பாக,
ஒற்றைக்கோட்டாள்.
எங்களை அவள் பார்க்கவில்லை.
எங்களுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.